நாடியின் எழுத்தைப் படித்தவர்

எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் மூலையில், புகைக்கரி பூசிய தாள் சுற்றும் பழைய உருளைக் கருவி ஒன்று உறங்கிக் கிடக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு ஃபிரெடரிக் அக்பர் மகமது என்னும் மருத்துவரின் நினைவு வரும்.

பெயரைக் கேட்டதும் நம் நாட்டவரோ என எண்ணத் தோன்றும். அதில் சிறிது உண்மையும் உண்டு. அவருடைய பாட்டனார் ஷேக் தீன் மகமது பாட்னாவில் பிறந்தவர். 1810-இல் இலண்டனில் இந்திய உணவகம் திறந்தவர். பின்னர் பிரைட்டன் நகரில் ஆவிக்குளியல் நிலையம் நடத்திப் புகழ் பெற்றவர். அந்நகரில் 1849-இல் பேரன் பிறந்தார். 1869-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார்.

கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கும் முறையை ரிவா-ரோச்சி அறிவித்தது 1896-இல்தான். அதற்கு முன், 1860-இல் பிரான்சு நாட்டு மாரே நாடித்துடிப்பை வரையும் கருவியைச் செய்திருந்தார். மணிக்கட்டின் நாடிமீது ஒரு வில் அமரும். துடிப்பு நெம்புகோலை அசைக்கும். அதன் முனை புகைத்தாளில் அலையாக எழுதும். ஆனால் வில் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளக்க வழியில்லை. மாணவராயிருந்த மகமது, அவ்வழுத்தத்தை அளந்து காட்டும் அமைப்பை அதில் சேர்த்தார். 1872-இல் தம் முடிவுகளைக் கட்டுரைகளாக வெளியிட்டார்.

அழுத்தம் மிகுந்தோரின் நாடிக்கோட்டில் முதல் உச்சியை அடுத்து ஒரு தோள் புடைத்து எழுவதை அவர் கண்டார். முதியோர் நாடியிலும் அதைக் கண்டார். இதன் காரணத்தை இன்று நாம் இப்படி விளங்கிக்கொள்கிறோம்: கோவில் குளத்தில் கல்லெறிந்தால் அலை படிக்கட்டில் மோதித் திரும்புகிறதல்லவா? இதயம் அனுப்பும் அழுத்த அலையும் நாடிகள் கிளைக்கும் இடங்களில் மோதித் திரும்புகிறது. இளமையில் நாடி நெகிழ்வானது. அலை மெல்லச் சென்று, இதயம் ஓய்ந்திருக்கும் வேளையில் திரும்பும். நாடி விறைத்தால் அலை விரைந்து, இதயம் சுருங்கிக் கொண்டிருக்கும்போதே வந்து சேரும். இதயத்தின் சுமை கூடும். இன்று எழுதுகோல் போன்ற உணர்கருவியை மணிக்கட்டில் வைத்து, திரும்பும் அலை கூட்டிய அழுத்தத்தை நூற்றுவீதத்தில் கணக்கிடுகிறார்கள்.

சிறுநீரகம் கெட்ட பிறகே அழுத்தம் உயரும் என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. சிறுநீரில் கோளாறு தெரியுமுன்பே, நலமாகத் தோன்றும் மனிதரிடமும் அது உயர்ந்திருக்கக் கூடும் என மகமது காட்டினார். 1884-இல் குடற்காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 35.

இவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு என் தந்தையே காரணம். தறியில் அமர்ந்தால் எழாத உழைப்பாளி. ஒருநாளும் தலைவலி என்று சொன்னதில்லை. ஒரு விடியற்காலையில் நாடாவை இழுத்த வலக்கை அப்படியே தளர்ந்து விழுந்தது. அழுத்தம் பல ஆண்டுகளாக உயர்ந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அளந்து பார்க்கத்தான் யாரும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் புகைத்தாளில் படித்த எச்சரிக்கை எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. உங்கள் வீட்டுக்காவது சேரட்டும். நோயில்லை என்று சொல்லும் பெரியவர்களை ஒருமுறை அழைத்துச் சென்று அழுத்தத்தை அளந்து பாருங்கள்.