ராஜா ஸர் டி. மாதவ ராவும் திருவாங்கூர் வர்த்தக உடன்படிக்கையும்

குற்றாலத்து அருவிகளையும் தென்காசி விசுவநாதர் ஆலயத்தையும் அறியாத தமிழ் மக்கள் அரியர். திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குறவஞ்சியால் அம்மலையும் அதன் சாரலும் இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டன. ஆயின், அவ்வூர்கள் இரண்டும் ஒரு காலத்தில் இரண்டு அரசுகளின் எல்லையோரத்தே நின்றன என்பதும், அவ்வெல்லையைக் கடந்து சென்ற வாணிகத்தின் தளைகளை அறுப்பதற்கு அறிவாளர் ஒருவர் அரும்பாடுபட்டார் என்பதும் பலரும் நினைவில் கொள்ளாத செய்திகள். அவ்வறிவாளரே திருவாங்கூர்த் திவானாய் விளங்கிய ராஜா ஸர் டி. மாதவ ராவ் ஆவார்.

தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை. அங்கிருந்து ஓரிரு மணி நேரம் நடந்தால் அடையக்கூடிய செங்கோட்டையோ, மலைக்குக் கிழக்கே தமிழ் நிலத்தில் கிடந்தும், திருவாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1956-ஆம் ஆண்டில் மாநில எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோதுதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கோட்டைக்கு அப்பால் உள்ளது ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று அவ்வழியே புகுந்து வந்துதான் தென்காசிச் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கின்றது. அக்காற்றைத் தடுப்பார் எவருமிலர். ஆனால், மேற்கிலிருந்து மிளகும் பாக்கும் கொப்பரையும் ஏற்றி வந்த வண்டிகளையும், கிழக்கிலிருந்து துணியும் தானியமும் சுமந்து சென்ற பொதிமாடுகளையும் நிறுத்திச் சோதிக்கச் சௌக்கை எனப்பட்ட சுங்கச் சாவடிகள் இருந்தன. ஒரே மொழி பேசி, ஒரே சந்தையில் கூடி, பெண் கொடுத்துப் பெண் கொண்ட மக்கள், வாணிகத்தில் மட்டும் ஒருவருக்கொருவர் அயல்நாட்டாராய் இருந்தனர்.

மாதவ ராவ் 1828-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20-ஆம் நாள் கும்பகோணத்தில், மராத்தி மொழி பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ரங்க ராவும், பெரியதந்தையார் வேங்கட ராவும் திருவாங்கூரில் திவான் பதவி வகித்தவர்கள். ஆயினும், குலப்பெருமை ஒன்றையே நம்பி அவர் வளரவில்லை. சென்னையிலே, பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாய் வளர்ந்த உயர்தரப் பாடசாலையில் பவல் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் சிறந்து 1846-இல் தேர்ச்சி பெற்றார். பின்னர்ச் சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் சிறிது காலம் பணியாற்றினார். எண்களின் துணையின்றி எதையும் முடிவு செய்யாத வழக்கத்தை அவருடைய வாழ்நாள் முழுவதிலும் காண்கிறோம். 1849-இல் திருவாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராக அழைக்கப்பெற்றார். அம்மாணாக்கருள் ஒருவரே பின்னர் அரசு கட்டிலேறிய ஆயில்யம் திருநாள் மகாராஜா. ஆசிரியப் பணிக்குப் பின் வருவாய்த் துறையில் அமர்ந்து, தென் பகுதியின் திவான் பேஷ்காராக உயர்ந்து, 1858-இல், தம் முப்பதாம் வயதளவில், திவானாக நியமிக்கப்பெற்றார்.

அவர் பொறுப்பேற்ற காலம் இனிய காலமன்று. 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருவாங்கூர் ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் கும்பினியாருக்குக் கப்பமாகச் செலுத்த வேண்டியிருந்தது. பொக்கிஷம் வறண்டது, கப்பம் பாக்கி நின்றது, உத்தியோகஸ்தர்களின் சம்பளமும் நிலுவையாயிற்று. டல்ஹௌசி பிரபு சுதேச சமஸ்தானங்களை ஒவ்வொன்றாகக் கும்பினி ஆட்சியோடு இணைத்துக் கொண்டிருந்த காலம் அது. ஆட்சி சீர்ப்படாவிடில் திருவாங்கூருக்கும் அக்கதியே நேரும் என்ற எச்சரிக்கை 1855-இல் சென்னை அரசாங்கத்தாரிடமிருந்து வந்தது. அடுத்த ஆண்டே அயோத்தி சமஸ்தானம் தன் உரிமையை இழந்தது. ஆகவே, திருவாங்கூரின் வரவு செலவைச் சீர்ப்படுத்துவது அதன் உயிர்நிலையைக் காக்கும் செயலாகவே இருந்தது.

பணம் வேண்டுமெனில் வரியை உயர்த்துவது எளிய வழி. மாதவ ராவ் அவ்வழியை நாடவில்லை. வாணிகம் ஏன் தளர்ந்து கிடக்கின்றது என்றே அவர் முதலில் ஆராய்ந்தார். திருவாங்கூரின் பெருஞ்செல்வம் மிளகு. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் காலந்தொட்டு மிளகு வாணிகம் அரசாங்கத்தின் ஏகபோக உரிமையாய் இருந்தது. குடியானவன் விளைத்த மிளகைச் சர்க்கார் குறித்த விலைக்குச் சர்க்காருக்கே விற்க வேண்டும். வேறு எவருக்கும் விற்றால் குற்றம். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மிளகுக்காகப் போட்டியிட்ட நாளில் இவ்வேற்பாடு அரசுக்கு வலிமை தந்ததென்பது உண்மையே. நாளடைவில் அதுவே சுமையாயிற்று. குறைந்த விலை பெறும் உழவனுக்குக் கொடியைப் பேணுவதில் ஊக்கம் ஏது? உலகச் சந்தையில் விலை ஏறினாலும் அவன் பயன் பெறான். எனவே கள்ள வாணிகம் பெருகியது. அதைத் தடுக்கக் காவலர் பெருகினர். காவலரைப் போற்றச் செலவு பெருகியது.

1860-இல் மாதவ ராவ் மிளகு ஏகபோகத்தை ஒழித்தார். உழவன் தான் விரும்பியவருக்கு விற்கலாம். வாணிகன் தான் விரும்பிய இடத்துக்கு ஏற்றலாம். ஏற்றுமதியின்போது ஒரு கண்டி மிளகுக்குப் பதினைந்து ரூபாய் தீர்வை செலுத்தினால் போதும் என்றாயிற்று. பின்னர் அத்தீர்வை ஒன்பது ரூபாயாகவும், அதன்பின் ஐந்து ரூபாயாகவும் குறைக்கப்பட்டது. சிறு தீர்வையைப் பெருஞ்சரக்கின் மீது வாங்குவதே நலம் என்பது அவர் கொள்கை.

புகையிலையின் கதையும் இதுவே. யாழ்ப்பாணத்திலிருந்தும் கோயம்புத்தூர், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் வந்த புகையிலையைச் சர்க்காரே வாங்கிச் சர்க்காரே விற்று வந்தது. அதனால் கிடைத்த வருவாய் பெரிது. ஆதலின் அதனைக் கைவிட அஞ்சியவர் பலர். மலைக்கு இருபுறமும் விலை வேறுபட்டமையால், காட்டு வழிகளில் புகையிலை கடத்துவது ஒரு தொழிலாகவே நடந்தது. 1863-இல் இந்த ஏகபோகமும் நீக்கப்பட்டு, வாணிகர் தாமே புகையிலையைக் கொணர்ந்து இறக்குமதித் தீர்வை செலுத்தி விற்கலாம் என்ற விதி ஏற்பட்டது. கடல் கடந்த யாழ்ப்பாணத்து உழவனும் திருவாங்கூர்ச் சந்தையையே நம்பியிருந்தானாகையால், இச்சீர்திருத்தத்தின் பயன் ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்கியதன்று.

இவ்வாறு தம் வீட்டு வாயிலைத் தாமே திறந்துவிட்ட பின்னரே, அயலார் வாயிலைத் தட்ட மாதவ ராவ் முற்பட்டார். இவ்வொழுங்கு நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. திருவாங்கூர் மூன்று பக்கமும் ஆங்கிலேய இந்தியாவாலும் கொச்சியாலும் கடலாலும் சூழப்பட்ட சிறு நாடு. அதன் சரக்குகள் பம்பாயிலோ சென்னையிலோ இறங்கினால் அயல்நாட்டுச் சரக்குகளாகவே கருதப்பட்டன. ஆலப்புழையில் ஒரு தீர்வை, சேருமிடத்தில் மற்றொரு தீர்வை எனில், திருவாங்கூர்க் கொப்பரையும் கயிறும் எவ்வாறு போட்டியிடும்? தென்காசிச் சந்தையிலிருந்து ஆரியங்காவு ஏறிய துணிக்கும் அதே நிலைதான்.

உலகில் அக்காலத்தே வீசிய காற்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1834-இல் ஜெர்மானியச் சிற்றரசுகள் பல தம்முள் சுங்கம் இல்லாத ஒரு கூட்டுறவை அமைத்துக் கொண்டன. 1846-இல் இங்கிலாந்து தானியச் சட்டங்களை நீக்கியது. 1860-இல், திருவாங்கூரில் மிளகு விடுதலை பெற்ற அதே ஆண்டில், இங்கிலாந்தும் பிரான்சும் ஒன்றன் சரக்குக்கு மற்றொன்று தீர்வையைக் குறைத்து உடன்படிக்கை செய்தன. தடையற்ற வாணிகமே இரு தரத்தார்க்கும் நன்மை என்னும் பொருளியலார் கருத்தை மாதவ ராவ் நன்கறிந்திருந்தார். ஆங்கிலேயர் தம் நாட்டில் போற்றிய கொள்கையை, அவர் ஆட்சியின் எல்லையிலேயே ஏன் மறுக்க வேண்டும் என்பதே அவருடைய வாதத்தின் வலிமை. கெஞ்சும் நிலையில் நின்று அவர் கேட்கவில்லை. கடன் தீர்ந்து கணக்குத் தெளிந்த ஒரு சமஸ்தானத்தின் திவானாக நின்றே கேட்டார்.

முடிவில் 1865-இல் ஆங்கிலேய இந்தியா, திருவாங்கூர், கொச்சி ஆகிய மூன்று அரசுகளும் ஒரு வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஆங்கிலேய இந்தியாவிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வரும் சரக்குகளுக்குத் திருவாங்கூர் தீர்வை வாங்காது. உப்பு, புகையிலை, அபினி, மதுவகைகள் மட்டும் விலக்கு. திருவாங்கூர்ச் சரக்குகளும் ஆங்கிலேய இந்தியத் துறைமுகங்களில் தீர்வையின்றி இறங்கலாம். பிற நாடுகளிலிருந்து கடல் வழியே வரும் சரக்குகளுக்கு ஆங்கிலேய இந்தியாவின் தீர்வை விகிதங்களையே திருவாங்கூரும் மேற்கொள்ளும். இதனால் நேரக்கூடிய வருவாய்க் குறைவுக்கு ஓர் அளவு வரை ஈடு செய்யவும் ஆங்கிலேய அரசாங்கத்தார் உறுதி தந்தனர். ஆரியங்காவு வழியே சென்ற பெரும்பாலான சரக்குகளுக்கு அன்றுமுதல் தடை நீங்கியது.

அதே 1865-இல் அரசாங்க நிலங்களைப் பயிரிட்ட குடிகளுக்கு அந்நிலங்களில் முழு உரிமை அளிக்கும் பிரகடனமும் வெளிவந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டும். நிலம் தனதென்று நம்பும் உழவனே தென்னையும் மிளகும் நட்டுப் பல்லாண்டு காத்திருப்பான். விளைந்ததை விற்கச் சந்தை திறந்திருந்தாலன்றி அவன் காத்திருப்பு பயனளியாது. குடிகளை வருத்திய சில்லறை வரிகள் பலவும் நீக்கப்பட்டன. சாலைகளும் கால்வாய்களும் பெருகின. சமஸ்தானத்தை அடுத்திருந்த ஆபத்து அகன்றது. 1866-இல் மாதவ ராவ் ஸர் பட்டம் பெற்றார். அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1904-இல், கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து இருப்புப் பாதை ஓடியபோது, மேற்கரையின் துறைமுகமும் தென்காசிச் சந்தையும் முன்னிலும் நெருங்கின.

எனினும், இவ்வுடன்படிக்கைக்கு விலையே இல்லை என்று கூறுவது நடுநிலைமை ஆகாது. அதன் நிபந்தனைகளுள் ஒன்று, திருவாங்கூர் உப்பின் விற்பனை விலையை ஆங்கிலேய இந்தியாவின் விலைக்கு உயர்த்த வேண்டும் என்பது. மிளகு ஏற்றும் வாணிகன் பெற்ற நன்மையின் ஒரு பகுதியை, கஞ்சிக்கு உப்பிடும் கூலியாள் செலுத்த நேர்ந்தது. மேலும், தன் தீர்வையைத் தானே வகுக்கும் உரிமையைத் திருவாங்கூர் பெரும்பாலும் துறந்தது. ஆங்கிலேய இந்தியத் துறைமுகங்களில் தீர்வை செலுத்தி உள்நாட்டு வழியே திருவாங்கூருக்கு வந்த அயல்நாட்டுச் சரக்கின் வருவாய் ஆங்கிலேயருக்கே சென்றது. இருபதாம் நூற்றாண்டில் அத்தீர்வைகள் உயர்ந்தபோது, சுதேச சமஸ்தானங்கள் இதனைப் பெருங்குறையாக எடுத்துரைத்தன. வலியவனும் எளியவனும் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் துலாக்கோல் ஒருபுறம் சாய்வது இயல்பு. மாதவ ராவ் இதனை அறியாதவரல்லர். தனித்து நின்று நசிவதைக் காட்டிலும், சிறிது விட்டுக்கொடுத்துப் பெருஞ்சந்தையில் இடம் பெறுவது மேல் என அவர் துணிந்தார். அத்துணிவு சமஸ்தானத்தைக் காத்தது. அதன் சுமை யார் தோளில் விழுந்தது என்பதையும் வரலாறு மறத்தலாகாது.

மன்னருக்கும் அவருக்கும் இடையே மனவேற்றுமை உண்டாகவே, 1872-இல் மாதவ ராவ் திருவாங்கூரை விட்டு நீங்கினார். 1873 முதல் இந்தூரிலும், 1875 முதல் 1882 வரை பரோடாவிலும் திவானாய் இருந்து அச்சமஸ்தானங்களையும் சீர்ப்படுத்தினார். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையின் வரவேற்புக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1891 ஏப்ரல் 4-ஆம் நாள் சென்னையில் காலமானார். திருவனந்தபுரத்தில் அரசாங்கச் செயலகத்தின் எதிரே நிற்கும் அவருடைய சிலை, அவ்விடத்துக்கே பெயர் தந்துள்ளது.

மாணவ நண்பர்களே! ஒரு நாட்டின் செல்வத்தைப் பெருக்க விரும்புவோர் அயலாரிடம் சலுகை கேட்பதற்கு முன், தம் குடிகளைக் கட்டியுள்ள தளைகளைத் தாமே அவிழ்க்க வேண்டும் என்பதை மாதவ ராவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. சலுகை பெறும்போது அதற்குரிய விலையை எவர் செலுத்துவார் என்று கேட்பதும் அறிவுடையோர் கடமை. இன்று நாடுகள் தம்முள் தீர்வைகளை ஏற்றியும் இறக்கியும் வாதிடும்போதும் இவ்விரு கேள்விகளே முன் நிற்கின்றன. விடுமுறையில் குற்றாலம் செல்வோர், அருவியில் நீராடிய பின் செங்கோட்டைச் சாலையில் சற்று நடப்பாராக. ஒரு காலத்தில் பொதிமாடுகள் சௌக்கையின் முன் காத்து நின்ற வழி அதுவே.