கரும்பின் இனிப்பைக் குரோமோசோமில் தேடிய ஜானகி அம்மாள்

ஒரு கரும்பு தடித்து இனிப்பதும் மற்றொன்று மெலிந்து சப்பென்றிருப்பதும் மண்ணாலும் நீராலும் மட்டும் நிகழ்வதல்ல. முன்தலைமுறைகளிடமிருந்து வந்த மரபணுக்களுக்கும் அதில் பங்குண்டு. அம்மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4-ஆம் தேதி தலச்சேரியில் பிறந்த அவர், சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

1930-களின் நடுவில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியேற்றார். இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் அவரே என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவது சற்று மிகை. இனிப்பான அயல்நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்து, வறட்சியையும் நோயையும் தாங்கும் ரகங்களை பார்பரும் வெங்கடராமனும் அதற்கு முன்பே உருவாக்கியிருந்தனர். அக்கலப்புகளின் உள்ளே நடப்பதை ஆராய்ந்ததே ஜானகியின் பணி. இனிப்புக் கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. நாணலிலோ இடத்திற்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடும். கரும்பை மக்காச்சோளத்துடன்கூட அவர் கலந்து பார்த்தார்.

ஆயினும் பெண் என்பதாலும் சாதியாலும் அங்கு அவர் ஒதுக்கப்பட்டதாக அவரது வாழ்வை ஆய்ந்தோர் குறிப்பிடுகின்றனர். இங்கிலாந்து சென்ற அவர், போர்க்காலம் முழுவதும் ஆய்வைத் தொடர்ந்தார். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டனுடன் இணைந்து 1945-இல் நூலாக வெளியிட்டார். பின்னர் விஸ்லி தோட்டத்தில், நமது செண்பகத்தின் உறவினமான மக்னோலியா நாற்றுகளைக் கோல்ச்சிசின் கொண்டு பதப்படுத்தினார். செங்காந்தள் கிழங்கிலும் காணப்படும் இந்த நஞ்சு, உயிரணு இரண்டாகப் பிரிவதைத் தடுப்பதால் குரோமோசோம்கள் இரட்டிக்கும். அவ்வாறு வளர்ந்த மரங்களின் பூவிதழ்கள் தடித்துப் பெரிதாயின. அவற்றுள் ஒரு வகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1950-களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எண்பது வயதைக் கடந்தும், அணைத் திட்டத்தால் அழியவிருந்த கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டுக்காகக் குரல் கொடுத்தார். சென்னையை அடுத்த மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் இறுதிவரை பணியாற்றி, 1984 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.