கெமிஸ்தம் தந்த கிறீன் வைத்தியர்

கல்சியம் காபனேற்றைச் சூடாக்கினால் கல்சியம் ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். மூல் விகிதம் 1:1:1. ஆகவே 250 கிராம் கல்சியம் காபனேற்று, அதாவது 2.5 மூல், முற்றாகப் பிரிந்தால் 140 கிராம் கல்சியம் ஒட்சைட்டும் 110 கிராம் காபனீரொட்சைட்டும் வரும். நமது குடாநாட்டுச் சுண்ணக்கல்லைச் சூளையில் சுடும்போது நடப்பதும் இந்தப் பிரிகையே. இக்கணக்கை நாம் தமிழில் செய்கிறோம். இதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822 ஒக்டோபர் 10 ஆம் திகதி அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் கற்றார். 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு, 1848 முதல் உள்ளூர் மாணவருக்கு மருத்துவமும் கற்பித்தார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரச உத்தியோகம் தேடி வெளியூர் சென்றார்கள். கிராமங்களில் வைத்தியர் இல்லாத நிலை மாறவில்லை. ஆகவே 1860களில் தமிழில் கற்பிக்கத் துணிந்தார். தமிழில் நூல்கள் இல்லையே என்று அவர் தயங்கவில்லை. தாமே தமிழ் கற்று, தம் மாணவர்களின் துணையோடு நூல்களை மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம், இரணவைத்தியம் முதலியன அவ்வாறு வந்தவை. 1875 இல் இரசாயனவியல் நூலான கெமிஸ்தம் வெளியாயிற்று. மூல் என்ற அலகுச் சொல் அப்போது உலகில் எங்குமே இல்லை. ஆயினும் இரசாயனத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்பதை அந்நூல் காட்டியது.

1873 இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் தமிழ்ப்பணியை விடவில்லை. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். 1884 மே மாதம் காலமானார். தமிழருக்கு வைத்தியராகவும் சமயப் பணியாளராகவும் இருந்ததைத் தம் கல்லறையில் பொறிக்குமாறு முன்பே கேட்டிருந்தார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் சமயம் வேறு, நமது மார்க்கம் வேறு. ஆனால் அவர் தந்த கல்வியின் பயன் எல்லோருக்கும் உரியது. என் உம்மாவின் படிப்பு 1990 இடப்பெயர்வோடு நின்றுபோனது. தமிழில் விஞ்ஞானம் படித்து என்ன பயன் என்று உறவினர் சிலர் கேட்பதுண்டு. அன்றிரவு மேற்சொன்ன கணக்கை உம்மாவுக்கு விளக்கினேன். 140 ஐயும் 110 ஐயும் கூட்டிப் பார்த்து, போட்ட 250 கிராமும் குறையாமல் வந்துவிட்டதே என்றார். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.