ஏடு தேடிய பெரியார் சி. வை. தாமோதரம் பிள்ளை

அரிய நூல்களைத் தேடித் தொகுக்கும் ஆசை உலகெங்கும் உண்டு. பொன்னெழுத்துப் பொறித்த தோலட்டைப் புத்தகமொன்றைப் பெறுதற்பொருட்டுத் தம் செல்வத்தையெல்லாம் செலவிட்டோரும் உளர். தம்மிடத்துள்ள நூல் பிறரிடத்து இல்லை என்பதே அன்னோர்க்குப் பேரின்பம். ஆயின், யாழ்ப்பாணத்திற் பிறந்து சென்னையிலும் கும்பகோணத்திலும் வாழ்ந்த தாமோதரம் பிள்ளை தேடித்தேடிச் சேர்த்த பொருள்களோ செல்லரித்த பனையோலைகள். அவற்றைப் பெற்றபின் அவர் செய்ததும் நூல் தொகுப்போர் வழக்கத்திற்கு முற்றும் மாறானது. தம்மிடமிருந்த அருமை அருமையாகவே இருத்தலாகாது என்று கருதி அவற்றை அச்சேற்றினார்.

இவர் 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் சிறுப்பிட்டி என்னும் ஊரில் வைரவநாதருக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகனாய்த் தோன்றினார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் பயின்றார். பின்னர் அமெரிக்க மிஷனாரின் தெல்லிப்பழைப் பள்ளியிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் கற்றார். கோப்பாயில் ஆசிரியராயிருந்த காலத்தில், 1854இல், நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு; நம்மினும் இரண்டு மூன்று ஆண்டே மூத்தவர் என்பதை நண்பர்கள் எண்ணுக.

பெர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னை சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியோர் இருவரே. ஒருவர் இவர், மற்றவர் வட்டுக்கோட்டையில் இவருக்குக் கற்பித்த விசுவநாத பிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கே பட்டம் பெற்ற இச்செய்தி நம்மனோர்க்கு வேடிக்கையாகவும் தோன்றும், ஊக்கமாகவும் தோன்றும். கள்ளிக்கோட்டையிற் பள்ளியாசிரியர், சென்னை அரசாங்கக் கணக்குச் சாலையில் உத்தியோகஸ்தர், 1871இல் பி.எல். எனப் பின்வந்த பதவி வரலாற்றை விரித்தல் வேண்டா. மிஷன் கல்வியில் வளர்ந்து, இளமையில் ஆதியாகம கீர்த்தனம் இயற்றிய இவர், பின்னாளிற் சைவராகவே வாழ்ந்தார். எனினும் மிஷன் கல்லூரிகள் தம் பழைய மாணவர் வரிசையிற் பெருமையோடு எண்ணத்தக்க பெயர் இவர் பெயர் என்பது என் துணிபு.

இனி அவர் தேடிய ஏடுகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அச்சுப் புத்தகத்திலேயே பழகிய நமக்கு அவ்வருமை எளிதில் விளங்காது. பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியாற் கீறி, கீறலிற் கரிமை பூசி எழுத்தைத் தெரியச் செய்வர். மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை இராது. காலும் ரகரமும் ஒரே வடிவாயிருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று என்பதும் படிப்போரே ஊகித்தறிய வேண்டியது. இவ்வளவும் நல்ல ஏட்டின் நிலை. ஓலைக்கும் ஆயுள் உண்டன்றோ? சில தலைமுறைக்கொரு முறை பெயர்த்தெழுதாவிடின் கறையானும் இராமபாணப் பூச்சியும் அதனை முடித்துவிடும். படிக்கத் தெரியாதார் வீட்டில் அது சரஸ்வதி பூசையன்று மட்டும் வெளிவரும். ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கு இரையானவையும் உண்டு. படிக்கத் தெரிந்தார் சிலரோ பிறர் கண்ணிற் படாமற் பூட்டிவைத்தனர். இவ்விரண்டில் எது நூலுக்கு மிகுந்த கேடு என்று எனக்குத் துணியக்கூடவில்லை.

தாமோதரம் பிள்ளை முதலிற் கைவைத்த பெருநூல் தொல்காப்பியம். அக்காலத்து மாணாக்கர் நன்னூலோடு இலக்கணத்தை நிறுத்திவிடுவர். 1868இல் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். நாவலர் 1879இல் மறைந்தார். தமக்குப் பின்னின்று பிழை திருத்த வல்ல பேராசான் இல்லாமற்போன பின்னரே பிள்ளையவர்களின் பெரும்பணி தொடங்கிற்று என்பது கவனிக்கத்தக்கது. 1881இல் வீரசோழியமும், 1883இல் இறையனார் அகப்பொருளுரையும் தணிகைப் புராணமும் வெளிவந்தன. வீரசோழியம் சோழர் காலத்துப் பௌத்தராகிய புத்தமித்திரனார் செய்த இலக்கணம். சைவராகிய பதிப்பாசிரியர் அதன் சமயத்தை நோக்கிற்றிலர். அதன் அழிவையே நோக்கினார்.

1885இல் வெளிவந்த தொல்காப்பியப் பொருளதிகாரமே அவர் துணிவின் எல்லை. பொருளதிகாரம் முழுவதையும் முறையாகப் பாடங்கேட்டாரைக் காண்டலே அன்று அரிது. ஏடுகளோ ஒன்றோடொன்று ஒவ்வாதன. ஓரேட்டிற் சிதைந்த வரி மற்றோரேட்டில் இருக்கும். இருப்பினும் வேறு பாடமாக இருக்கும். எது புலவன் வாக்கு, எது எழுதினோன் கைப்பிழை என்று துணியும் பொறுப்புப் பதிப்பிப்பான் தலைமேல் விழும். பிழைப்படப் பதிப்பித்தாரென்று நகைக்க வித்துவான்கள் காத்திருந்தனர். பூரணமான ஏடு கிடைக்கட்டும் என்று காத்திருப்பின் இருக்கும் ஏடும் பொடியாகும். பிழையோடேனும் நூல் பிழைத்திருத்தல் நன்று என்று அவர் துணிந்தார். பழி வந்தது, நூலும் நின்றது.

உத்தியோகத்தினின்று 1882இல் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வக்கீலாக அமர்ந்தார். அவ்வூர்க் கல்லூரியில் 1880 முதல் தமிழாசிரியராயிருந்தவர் உ. வே. சாமிநாதையர், அவர் பிள்ளையவர்களினும் இருபத்துமூன்றாண்டு இளையவர். ஐயர் அப்பொழுது சீவக சிந்தாமணியில் ஆழ்ந்திருந்தார். பிள்ளையவர்களுக்கும் அந்நூலை வெளியிடும் விருப்பம் இருந்தது. ஆதலின் அப்பணியைத் தமக்கு விட்டுக்கொடுக்குமாறு கேட்டார். பதிப்பு அனுபவமும் பொருள்வசதியும் அவருக்கு இருந்தன. ஐயருக்கோ அதுவே முதற் பெருமுயற்சி. ஆயினும் ஐயர் இசைந்திலர். பெரியவர் கேட்டதும் குற்றமன்று. இளையவர் மறுத்ததும் குற்றமன்று. அரும்பொருளொன்றை உயிரினும் பெரிதாக நேசிக்கும் இருவர் ஒரே ஊரில் இருப்பின் வேறென்ன நிகழும்? 1887இல் ஐயரின் சிந்தாமணி வெளிவந்தது. அதே ஆண்டில் பிள்ளையவர்களின் கலித்தொகையும் வெளிவந்தது. தமிழன்னைக்கு ஓராண்டில் இரண்டு அணிகள்!

சங்கத் தொகைநூலொன்றை நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக அச்சிற் காணும் பேறு அக்கலித்தொகையால் நமக்கு வாய்த்தது. அதன் பதிப்புரையில், கையிலெடுக்கும்போதே உதிரும் ஏடுகளின் நிலையை அவர் வருந்தி எழுதியிருக்கின்றார். என் அறிவிற்கு எட்டியவரையில், தமிழ் உரைநடையில் அதனினும் நெஞ்சையுருக்கும் பகுதிகள் மிகச் சிலவே. அதன்பின் புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்தபோதும் பணி நிற்கவில்லை. 1889இல் இலக்கண விளக்கமும் சைன காவியமாகிய சூளாமணியும், 1891இல் எழுத்ததிகார நச்சினார்க்கினியமும், 1892இல் சொல்லதிகார நச்சினார்க்கினியமும் வந்தன. பகலில் வழக்கும் கணக்கும் பார்த்த கண்களே இரவில் விளக்கொளியில் இவற்றையும் பார்த்தன. அரசினர் 1895இல் ராவ் பகதூர் பட்டம் அளித்தனர்.

அவர் பதிப்புகள் குறையற்றன என்று கூறுதல் பொருந்தாது. பொருளதிகாரம் முழுமைக்கும் உரை நச்சினார்க்கினியருடையதே என்று அவர் வெளியிட்டார். இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது எனப் பின்வந்த ஆராய்ச்சியாளர் நிறுவினர். கலித்தொகை முழுவதும் நல்லந்துவனார் ஒருவர் பாடியது என்று அவர் கொண்டதையும் இன்று பலர் ஏற்பதில்லை. ஆயினும் அவரை மறுத்தோர் மறுத்தற்குக் கையிற் கொண்ட புத்தகம் அவர் அச்சிட்டதே.

1901ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று சென்னையில் அவர் காலமானார். அவருடைய பதிப்புரைகள் பின்னாளில் ஒருங்கு தொகுக்கப்பெற்றுத் தாமோதரம் என்னும் பெயரால் வெளிவந்தன. ஆனர்ஸ் வகுப்பு நண்பர்கள் பரீட்சைக்கு வேண்டியதன்று என்று அதனைத் தள்ளிவிடாது, கலித்தொகைப் பதிப்புரையையேனும் ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக.