அந்நியரின் ஆயர் புனித அருளப்பர் நியூமன்

பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனவன் எதை இழந்தாலும், தாய்மொழியில் செபிப்பதை மட்டும் இழக்க மனம் ஒப்புவதில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஏழை மக்களின் இந்த ஏக்கத்தை அறிந்து, அவர்களுக்காகத் தம்மையே தேய்த்துக் கொண்டவர் பிலதெல்பியா ஆயர் புனித அருளப்பர் நியூமன்.

இவர் 1811 மார்ச் 28-ம் நாள், இன்றைய செக் குடியரசிலுள்ள பொகீமியா நாட்டில் பிறந்தார். தந்தை காலுறை நெய்யும் ஜெர்மானியர்; தாய் செக் இனத்தவர். குருமடப் படிப்பை முடித்தும், அங்கே குருக்கள் மிகுந்திருந்தமையால் குருப்பட்டம் தள்ளிப்போயிற்று. அமெரிக்காவிலோ ஜெர்மன் பேசும் விசுவாசிகள் குருவின்றித் தவிப்பதாகக் கேள்வியுற்று, 1836-ல் ஏழையாய்க் கப்பலேறி நியூயார்க் வந்திறங்கினார். அவ்வாண்டு ஜூன் மாதமே குருவானார்.

நயாகரா அருவிக்கு அருகே காடு திருத்திக் குடியேறியவர்களே அவருடைய முதல் மந்தை. தனிமையும் கடும் உழைப்பும் உடலை வாட்டின. 1840-ல் இரட்சகர் சபையில் சேர்ந்து, 1842-ல் பால்டிமோரில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அமெரிக்க மண்ணில் அச்சபையில் வார்த்தைப்பாடு கொடுத்த முதல்வர் இவரே.

1852-ல் பிலதெல்பியாவின் நான்காம் ஆயரானார். குடியேறிய கத்தோலிக்கர்மீது கொண்ட பகையால் 1844-ல் இரு கோவில்கள் தீக்கிரையான நகரம் அது. அங்கே இத்தாலியருக்கெனத் தனிப் பங்கு ஒன்றை அமைத்தார். அமெரிக்காவில் அத்தகைய முதல் பங்கு அதுவே. பஞ்சத்திற்குத் தப்பி வந்த அயர்லாந்து முதியோர் ஆங்கிலம் அறியாது தயங்கி நிற்கக் கண்டு, அவர்களுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதற்காகவே ஐரிஷ் மொழியைக் கற்றார். பங்குப் பள்ளிகளை ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவந்தார். நாற்பது மணி நேர ஆராதனையைக் கோவில்தோறும் முறையாக நடைபெறச் செய்தார்.

ஆயினும் அவருடைய குட்டையான உருவத்தையும், அந்நிய உச்சரிப்பையும், எளிய உடையையும் குறைகூறியவர்கள் இருந்தனர். அவரே தம்மைத் தகுதியற்றவரென எண்ணி, சிறியதொரு மறைமாவட்டத்திற்குத் தம்மை மாற்றும்படி உரோமையை வேண்டினார். அது நடக்கவில்லை, 1857-ல் துணை ஆயர் ஒருவர் நியமிக்கப்பட்டார். 1860 ஜனவரி 5-ம் நாள், அலுவலாக வெளியே சென்றவர் பிலதெல்பியா வீதியிலேயே சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது வயது 48.

மேடைப் பேச்சில் சிறவாதவர் என்று எண்ணப்பட்ட அவரை, 1977 ஜூன் 19-ம் நாள் பரிசுத்த தந்தை ஆறாம் சின்னப்பர் புனிதராக உயர்த்தினார். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஆண்களுள் முதல் புனிதர் இவரே. அவருடைய திருவுடல் பிலதெல்பியா புனித இராயப்பர் கோவிலில் பீடத்தின்கீழ் உள்ளது.

நாமும், பிழைக்க வந்து கோவில் வாசலில் தயங்கி நிற்கும் அந்நியரை அவர் மொழியிலேயே உள்ளே அழைக்கும் வரத்தை இப்புனிதர் வழியாகக் கேட்போமாக!