ஐஸ்ஹவுஸில் ஏற்றிய விளக்கு

நாம் குடியிருக்கும் சரோஜினி நகர் ஒரு பெண்மணியின் பெயரைத் தாங்கி நிற்பது. அப்பெருமாட்டிக்கு ஏழாண்டு இளையவராய், 1886 ஆகஸ்டு 18இல், சென்னை மயிலாப்பூரில் தோன்றிய மற்றொரு பெண்மணியை இம்மலரிலே நினைவுகூர விழைகின்றோம். அவரே சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

பதினொரு பிராயம் அளவில் மணம் முடிந்தது. சில காலத்திற்குள்ளேயே கணவர் மறைந்தார். அந்நாளைய வழக்கப்படி தலை மழித்து, ஒரு மூலையில் அமர்த்திவிடுவதே அடுத்த சடங்கு. தந்தையார் சுப்பிரமணிய ஐயரோ அதற்கு இசையவில்லை. மகளின் கையிலே புத்தகத்தைக் கொடுத்தார். அக்கம்பக்கத்தாரின் ஏச்சு கொஞ்சமன்று. 1911இல் அம்மகள் மாநிலக் கல்லூரியினின்று பட்டம் பெற்று வெளிவந்தபோது, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பட்டதாரிப் பெண்மணி என்று போற்றப்பட்டார்.

அக்காலத்தில் அரசினர் கல்வித் துறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்குப் பெற்றோர் பெண்களை அனுப்பமாட்டார். மணமான பெண்களோ வேலைக்கு வரமாட்டார். மறுபுறம், எத்தனையோ இளங்கைம்பெண்கள் அடுக்களை இருளில் பயனற்று மங்கிக் கிடந்தனர். இவ்விரண்டு குறைகளும் ஒன்றையொன்று தீர்க்கும் என்பதைக் கண்டவர்கள் அம்மையாரும், பள்ளிக்கூடங்களின் மேலதிகாரியாயிருந்த லிஞ்ச் என்னும் மாதரசியுமே. எழும்பூரில் பெற்றோர் இல்லத்திலேயே நான்கு சிறுமியரோடு விடுதி தொடங்கிற்று. தாமும் கைம்பெண்ணாகிய சிறியதாயார் அச்சிறுமியருக்கு அன்னையாய் நின்றார்.

எண்ணிக்கை பெருகவே இடம் போதவில்லை. அப்போது வாய்த்ததுதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ்ஹவுஸ். அக்கட்டடத்தின் கதையே தனி. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க, டூடர் என்னும் வணிகர் 1842இல் எழுப்பிய வட்ட வடிவ மாளிகை அது. உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வாணிகம் நொடித்தது. பிலிகிரி ஐயங்கார் அதனை வாங்கி வசிப்பிடமாக்கினார். 1897இல் விவேகானந்த அடிகள் அங்கே தங்கியருளினார். 1917இல் அரசினர் விலைக்கு வாங்கிய அம்மாளிகையிலே கைம்பெண் விடுதி குடிபுகுந்தது. அதே கடற்கரையில் 1914இல் தோன்றிய பெண்கள் கல்லூரி, பின்னாளில் இராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. விடுதிப் பெண்கள் சிலர் அங்கே உயர்கல்வி பெற்றனர். 1922இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி எழுந்தபோது அதன் தலைமையும் அம்மையாரிடமே வந்தது.

ஒன்றை மறைப்பதற்கில்லை. ஐஸ்ஹவுஸ் விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. இதனை அன்றே குறைகூறினோர் உண்டு. நம் மனமும் ஒப்பவில்லை. எனினும் மகளை வெளியே விடத் துணியாத தகப்பனாரின் அச்சத்தை முதலில் போக்கினாலன்றி அச்சிறுமியைக் காப்பதற்கில்லை என்று அம்மையார் கருதினார் போலும். கதவைத் திறக்கக் கொடுத்த விலை அது. சற்றுப் பெரிய விலைதான்.

விடுதியில் வயதுக் கட்டு இருந்தது. அதனைக் கடந்த கைம்பெண்களின் கதி என்ன? அவர்களுக்காகவே 1927இல் சாரதா வித்தியாலயம் பிறந்தது. அரசு ஊழியத்திலிருந்துகொண்டே, குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டத்திற்குச் சார்பாகவும் அவர் சான்றுரைத்தார். பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. சட்டத்திற்கும் பள்ளிக்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயலே; சட்டம் அதனைக் கொணர்ந்த ஹர்பிலாஸ் சாரதாவின் பெயரால் வழங்குவது, பள்ளியோ அன்னை சாரதாதேவியின் திருநாமம் பூண்டது.

1938இல் வித்தியாலயத்தை இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். பின்னர்ச் சட்ட மேலவை உறுப்பினராய் விளங்கினார். 1958இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1969 டிசம்பர் 20இல் இயற்கை எய்தினார்.

விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம்மவர் மெரினாவில் அவ்வட்ட மாளிகையைக் காணலாம். இன்று அது விவேகானந்தர் இல்லம். அடிகளின் வரலாற்றுக் காட்சி உள்ளே நடைபெறுகின்றது. அருகிலே, அம்மையார் தலைமை தாங்கிய பயிற்சிக் கல்லூரி வளாகம்.