மழையைச் சோதித்த ஸ்மித்

திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் வழியாக நெய்வேலிக்குப் போயிருக்கிறீர்களா? வழியில் பீங்கான் தொழிற்கூடங்கள். நெய்வேலியில் அனல் மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள். அங்கே 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நிலக்கரியில் கொஞ்சம் கந்தகம் உண்டு. அது எரிந்து வாயுவாகி, மேகத்து நீரோடு சேர்ந்தால் அமில மழை! இந்தப் பெயரை ஊரறியச் செய்தவர்தான் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்.

1817-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்காகப் படிக்கப்போனார். மனமோ வேதியியலில் போய் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியில் லீபிக் என்ற பெரிய விஞ்ஞானியிடம் படித்து, 1841-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தங்கிவிட்டார். பஞ்சாலைகள் நிறைந்த ஊர், எங்கும் கரும்புகை.

அந்த ஊரின் மழைநீரை ஸ்மித் பிடித்துச் சோதித்தார். தொலைவிலுள்ள வயல்வெளி மழையில் அமிலம் தனியாக இல்லை. நகரத்துக்குள் பெய்த மழையிலோ கந்தக அமிலம்! 1852-ல் இதை அவர் வெளியிட்டார்.

அப்போது சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடா உப்பைச் செய்ய, சாதாரண உப்பில் கந்தக அமிலத்தை ஊற்றிக் காய்ச்சுவார்கள். அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். சுற்றிலும் மரங்கள் கருகின, பயிர்கள் வாடின. விவசாயிகள் சும்மா இருப்பார்களா? 1863-ல் சட்டம் வந்தது. வாயுவில் 100-க்கு 95 பங்கைத் தொழிற்சாலையே பிடித்து வைக்க வேண்டும். எப்படி? கல்கரி நிரப்பிய கோபுரத்தில் மேலிருந்து தண்ணீர் சொட்டும். கீழிருந்து ஏறும் வாயு அதில் கரைந்துவிடும்.

சட்டம் போட்டால் போதுமா? அளந்து பார்க்க ஆள் வேண்டாமா! அந்த வேலைக்கு வந்தவர் ஸ்மித். அவருக்கு உதவியாக 4 பேர். புகைபோக்கி வாயுவை உறிஞ்சி எடுத்து, எவ்வளவு அமிலம் தப்புகிறது என்று கணக்கிட்டார்கள். முதலாளிகள் மீது வழக்குப் போடுவதைவிட, கோபுரத்தைச் சரியாகக் கட்டச் சொல்லிக் கொடுப்பதே அவருக்குப் பிடிக்கும். முதல் ஆண்டிலேயே சராசரியாக 2 சதவீதம்கூட வெளியே போகவில்லை!

ஆனாலும் புகார்கள் நிற்கவில்லை. ஏன் தெரியுமா? ஒவ்வொரு ஆலையும் கொஞ்சம்தான் விட்டது. ஆனால் ஆலைகள் பெருகிக்கொண்டே போயின. கரி எரிவதால் வரும் கந்தக வாயுவையோ சட்டம் தொடவே இல்லை. புகைபோக்கியில் பாஸ், மழையில் ஃபெயில்!

அதனால் அவர் மழையை விடவில்லை. நகரம், கிராமம், கடற்கரை என்று பல ஊர்களிலிருந்து மழைநீரை வரவழைத்தார். கடலோர மழையில் கடல் உப்பும் கலந்திருக்கும் அல்லவா? அதையும் கணக்கில் கொண்டு, கரியால் வந்த கந்தகம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார். 1872-ல் இதையெல்லாம் பெரிய புத்தகமாக எழுதினார். நம் நாட்டிலும் வானிலை ஆய்வுத் துறை 1970-களில் கொடைக்கானல், நாக்பூர் போன்ற இடங்களில் மழைநீரைப் பிடித்து அமிலம் பார்க்கத் தொடங்கியது.

1874-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சதவீதம் மட்டும் போதாது, வெளியேறும் வாயுவின் ஒவ்வொரு கன அடியிலும் இவ்வளவு அமிலம்தான் இருக்கலாம் என்று வரம்பு வந்தது. 1881-ல் வேறு பல தொழிற்சாலைகளும் சட்டத்துக்குள் வந்தன. 1884-ல் இறக்கும்வரை ஸ்மித் அந்த வேலையிலேயே இருந்தார். கரிப்புகை மட்டும் அப்போதும் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தது.